புகையண்ணனின் விண்கலம்

கொச்சியில் கொசுவோடு போராடித் தோற்றவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். கொசு மருந்து மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டே விண்வெளிக்குப் போய்வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். மட்டாஞ்சேரியில் அவரைப் புகையண்ணன் என்பார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை; கேட்டவர்களையும் பார்த்ததில்லை.

நான் அப்போது வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் விருதுநகர். மட்டாஞ்சேரியில் லில்லி சேச்சி வீட்டு மாடியில் குடியிருந்தேன். லில்லி சேச்சி ஓய்வுபெற்ற நர்ஸ். ஊசி போடுவதை விட்டிருந்தார். ஊசி போடும்போது அதட்டுகிற குரலை விடவில்லை.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிறேன், சந்து முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து முகமூடி, பெரிய கண்ணாடி, முதுகில் டேங்க், கையில் நீளக் குழாய் என்று ஓர் உருவம் வந்து என் முன்னால் நின்றது. மெஷினை அணைத்தது.

"மேடம், உங்ககிட்ட ஒரு காரியம் சோதிக்கணும்."

கொசுப் புழு இருக்கிறதா என்று சோதிக்க வந்திருக்கிறார் என நினைத்து மாடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் டிரம்மைத் திறந்து காட்டினேன். பூந்தொட்டித் தட்டைக் காட்டினேன். ஃப்ரிட்ஜை நகர்த்திப் பின்பக்கத்தையும் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் குனிந்து பார்த்தவர், கடைசியில் தயங்கித் தயங்கி, "அதில்ல மேடம். சோதிக்கணும்னா... கேக்கணும்" என்றார்.

மூன்று தலைமுறையாகச் சுள்ளிக்கல்லில் வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது. மலையாளத்தில் 'சோதிப்பது' என்றால் கேட்பது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"சரி, கேளுங்க."

"நீங்க சின்னதுல 'விண்கலம் பதினேழு' பாத்திட்டுண்டா?"

பார்க்காமல்? ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து எங்கள் தெருவே பார்த்த தொடர் அது. ஏதோ வெளிநாட்டு சீரியல். தமிழில் குரல் கொடுத்திருப்பார்கள். வாய் மூடிய பிறகும் வசனம் ஓடும். கேப்டன், பைலட், ரேடியோ ஆபரேட்டர், எஞ்சினியர் தாரா என்று நான்கு பேர். கலத்தின் கதவு சிக்கிக்கொள்ள, மற்றவர்களைக் காப்பாற்றத் தாரா வெளியே போய் நெம்புகோலைப் பிடித்து இழுப்பாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த வாரம் அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல்ல மேடம். நெட்டுல எல்லாம் தேடியாச்சு. அந்த நாட்டிலயே அதோட நிறுத்திட்டானுங்க. முடிவே எடுக்கல்ல." முகமூடியைக் கழற்றினார். நாற்பதைத் தாண்டிய, வியர்த்த முகம். "அந்தப் பொண்ணு இத்தன வருஷமா வெளியதான் நிக்குது."

அதனால்தான் அவர் அந்தத் தொடரை விளையாட்டாக மாற்றிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். அதற்கு ஆள் தேடித்தான் என்னிடம் வந்திருந்தார். ஒருவர் நிலவரத்தைச் சொல்லுவார்: 'முன்னால் ஒரு பச்சைக் கிரகம், எஞ்சின் சூடாகிறது.' மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்வது பலிக்குமா என்பதை லூடோ பகடை இரண்டும் சொல்லும். நிலவரம் சொல்பவருக்கு 'நடத்துனர்' என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் குழுவில் சேர்ந்த முருகேசன் கடைசிவரை அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டான். முருகேசன் சங்கரன்கோவில்காரன், பக்கத்து ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், லில்லி சேச்சியின் சாப்பாட்டு மேசையில் முதல் ஆட்டம். புகையண்ணன் மூன்று தடித்த நோட்டுகளைக் கொண்டுவந்தார். விதிகள். நான் ஒன்றை ஆசையாகத் திறந்தேன். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

"மலையாளத்துலயா எழுதியிருக்கீங்க?"

"சே! சுத்தத் தமிழ்" என்றார் ரோஷமாக. "எழுத்துதான் மலையாளம். நான் படிச்ச ஸ்கூல் அது."

எனக்கு மலையாள எழுத்து தெரியாது. லில்லி சேச்சிக்கு எழுத்து தெரியும், தமிழ் அரைகுறை. ஆகவே சேச்சி தனக்கே புரியாத விதிகளைப் பள்ளியில் ஜெபம் சொல்வதுபோல் உரக்க வாசிப்பார். நான் கேட்டுப் புரிந்துகொண்டு, அவருக்கே திருப்பி விளக்குவேன். முதல் ஞாயிறு மூன்றாம் பக்கத்தோடு முடிந்தது. முருகேசன் தூங்கிப்போனான்.

இரண்டாம் ஞாயிறு கலம் கிளம்பியது. முருகேசன் கேப்டன், சேச்சி பைலட், நான் ரேடியோ. தாராவை மட்டும் யாருக்கும் தரவில்லை. சிவப்பு பாட்டில் மூடி ஒன்றைத் தாரா என்று சொல்லித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் புகையண்ணன். கலத்தின் வரைபடம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் விரிந்தது. அதில் கழிவறைகூட இருந்தது. "சீரியல்ல காட்டல்ல. ஆனா இல்லாம எப்படி?" என்றார்.

நாலாவது எபிசோடில்தான் வம்பு வந்தது. தொடரில் கருமுகர்கள் என்ற எதிரிகளின் கலத்தைச் சுட்டு வீழ்த்துவார்கள். புகையண்ணன் வாயாலேயே பின்னணி இசை கொடுத்துவிட்டு, "பைலட், என்ன செய்றீங்க?" என்றார்.

"அவருக்கு எந்தா பிரச்னம்?" என்றார் சேச்சி.

"யாருக்கு?"

"ஆ கருமுகருக்கு. முகம் கறுத்திருக்குன்னா லிவர் நோக்கணும். கலத்த பக்கத்துல கொண்டு போறேன். நான் பார்க்கட்டும்."

"சேச்சி, அவனுங்க எதிரி! சீரியல்ல இப்படி இல்ல!"

"சீரியல்ல ஞான் இல்லல்லோ" என்றார் சேச்சி அமைதியாக.

புகையண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கிணற்றை மூன்று முறை சுற்றினார். ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து நோட்டைத் திறந்து ஏதோ எழுதி, அடிக்கோடிட்டார். "சரி. மருந்து கொடுக்கலாம். பகடையப் போடுங்க." பதினொன்று விழுந்தது. கருமுகர்கள் குணமாகி, எங்களுக்கு எரிபொருள் தந்து வழியனுப்பினார்கள். முருகேசன், "சாப்பாடு ஏதும் தந்தாங்களா?" என்று கேட்டான். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் கேப்டனின் முதல் கேள்வி அதுதான்.

இன்னொரு விதி, விண்வெளி உடையில் ஓட்டை விழுந்தால் அந்த ஆட்டக்காரர் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறொருவர் ஆறு போட்டால்தான் விடலாம். ஒருநாள் முருகேசனின் உடை கிழிந்தது. நாங்கள் மாற்றி மாற்றிப் போடுகிறோம், ஆறு வரமாட்டேன் என்கிறது. அவன் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, மேசையைத் தட்டுகிறான். கப்பைக்கிழங்கு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஜோசப் சேட்டன் வாசலில் இதைப் பார்த்தார். கிழங்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, தன் ஸ்கூட்டர் சாவிக்கொத்தை முருகேசனின் உள்ளங்கையில் அழுத்தி, "காக்கா வலிப்பு! பிடி, பிடி!" என்று கத்தினார். முருகேசன் சிரிப்பில் மூச்சை விட்டான்.

"கேப்டன் இறந்தாச்சு" என்றார் புகையண்ணன் வருத்தமாக.

சேச்சி அந்த விதி இருந்த பக்கத்தையே நோட்டிலிருந்து கிழித்துவிட்டார். கேப்டன் உயிர்த்தெழுந்தார்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமை சந்தில் புகை அடித்துக்கொண்டு வருபவர், நான் படகுத்துறைக்கு நடக்கும்போது மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவார்: "மேடம்! அன்னிக்கு நீங்க அந்த ஆளுக்கு பதில் சொல்லியிருக்கக்கூடாது! அவன் உங்கள ஏமாத்துறான்!" அந்த ஆள், ஆட்டத்தில் என் ரேடியோவுக்குச் சிக்னல் அனுப்பிய ஒரு நிலவுக்காரன் என்பது எனக்குத் தெரியும். சந்துக்குத் தெரியாது. இரண்டு வாரம் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு எனக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. புகையண்ணனிடம் சொன்னேன். வரைபடத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்போ அடுத்த ஞாயிறு கடைசி எபிசோட்" என்றார்.

அன்று அவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். சாயா ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. கதவு சிக்கியது. தாரா வெளியே போனாள். கதவு மூடியது. தொடர் நின்றுபோன இடத்துக்கு வந்துவிட்டோம். புகையண்ணன் சிவப்பு மூடியைக் கலத்துக்கு வெளியே நகர்த்தினார்.

"உள்ளேருந்து கதவத் திறக்க ரெண்டு பகடையிலும் ஆறு விழணும். ஆளுக்கு ஒரு தடவ."

முருகேசன் போட்டான்: நாலு, ஒன்று. சேச்சி சிலுவை போட்டுக்கொண்டு வீசினார்: ஐந்து, ஐந்து. நான் கையை உதறிவிட்டுப் போட்டேன்: ஆறு, மூன்று.

அவ்வளவுதான். சிவப்பு மூடி காலண்டர் தாளின் வெளி ஓரத்தில் கிடந்தது.

"கண்டக்டரே, நீங்க எழுதின ரூல்தானே, மாத்துங்க" என்றான் முருகேசன்.

"அப்படி மாத்தினா, அவ வந்ததா நானே நம்ப மாட்டேன்" என்றார் புகையண்ணன். நாற்பதைத் தாண்டிய மனிதர் ஒரு பாட்டில் மூடிக்காக அழப்போகிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தாராவும் ஆளுதானே? அவளுக்கும் ஒரு சான்ஸ் உண்டல்லோ. அவ யாரோட கையில?"

"என் கையில."

"எந்நால் நீ போடு."

அவர் பகடையைத் தொட்டு ஆடியதே இல்லை. நடத்துனர் ஆடக்கூடாது என்பது அவர் விதி. ஆனால் பாத்திரம் ஆடக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. மூன்று நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வீசினார். ஒன்று மேசை நடுவில் ஆறு காட்டி நின்றது. மற்றது துள்ளி, தரையில் உருண்டு, அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

முருகேசன் போன் வெளிச்சத்தோடு குப்புறப் படுத்தான். பாதி உடம்பு அலமாரிக்கு அடியில் போனது. நாங்கள் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆறு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

புகையண்ணன் குனிவதற்குள் அவன் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தலையெல்லாம் நூலாம்படை. "ஆறுதாண்ணே. என் கண்ணால பார்த்தேன்."

புகையண்ணன் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எதிரே இருப்பது பரோட்டா மாஸ்டரா, தெய்வமா என்று தீர்மானிப்பவரைப் போல. பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். சேச்சி எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்: "தாரா உள்ளே வந்தாள். நல்ல பசி."

முருகேசன் ஹோட்டலுக்கு ஓடிப்போய்ப் பரோட்டா கொண்டுவந்தான்.

தூத்துக்குடிக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் புகையண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. முடிவு எடுக்காத அந்த வெளிநாட்டுக்காரர்களை நம்பாமல், மேற்கொண்டு எபிசோடுகளைத் தானே எழுதுகிறாராம். நாலாவது நோட்டு ஓடுகிறதாம். "பின்ன மேடம், உங்க ரேடியோ சீட்ட ஜோசப் சேட்டன் கேட்டாரு. கொடுக்கல்ல. நீங்க சாகல்ல, வேற கலத்துக்கும் போகல்ல. லீவுல போட்டிருக்கேன். சம்பளத்தோட லீவு."

அதை நாலு தடவை கேட்டேன். பிறகு ஓணத்தையொட்டிக் கொச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஆபீஸில் நாலு நாள் விடுப்பு கேட்டேன். எதற்கு என்றார் மேனேஜர்.

"டூட்டியில் சேரணும் சார்" என்றேன்.