என் ஜீப்பை விற்கும் விளம்பரத்தை நிறுத்துவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆசிரியர் என்ற முறையில் வணக்கமும், மனைவியின் தம்பி என்ற முறையில் ஆசியும். இங்கே உன் அக்கா நலம், நான் நலம், என் ஜீப் மிக மிக நலம். மூன்றாவதாகச் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால், "மாமா, ஒரு மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். எழுத்தில் கொடுத்தால் கோப்பில் இருக்கும்.

சென்ற புதன்கிழமை மாலை உன் அக்கா சமையலறையில் நின்றபடி உனக்குப் போனில் ஒரு விளம்பரம் சொன்னாள். "பழைய ஜீப் விற்பனைக்கு. இருபத்தாறு வயசு. மேட்டுல ஏறினா கொதிக்கும். ஆமாடா, அதையும் போடு, நாளைக்கு ஒருத்தரும் நம்மளைக் குறை சொல்லக் கூடாது." முப்பத்துநான்கு வருடம் நிருபராக இருந்தவனுக்குப் பக்கத்து அறைப் பேச்சு காதில் விழாமல் போகுமா? விழுந்தது. என் காலத்தில் ஞாயிறு வரிவிளம்பரத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புதனன்று சொன்னது எப்படியும் அடுத்த ஞாயிறுதான் வரும். ஆகவே இன்றே எழுதுகிறேன்: நிறுத்து.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று முறை கிளம்பினோம், மூன்று முறையும் ஐந்தாவது வளைவில் ஜீப் புகைந்தது. ஒவ்வொரு முறையும் நான் பானெட்டைத் திறந்துவைத்து ஆறும்வரை காத்திருக்க, அவள் குடையை விரித்து வளைவில் நின்று வருகிற வண்டிகளை ஒதுக்கிவிட்டாள். மூன்றாவது முறை ஒரு பஸ் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, இன்னைக்கும் இங்கதானா?" என்று கேட்டுவிட்டார். அதுதான் வினை. வீட்டுக்கு வந்ததும் அவள் போனைத்தான் எடுத்தாள்.

நான் வியாழன் காலை மெக்கானிக்கிடம் போனேன். அவர் படுத்திருந்த லாரியின் அடியிலிருந்து கால்கள் மட்டுமே தெரிந்தன, பேட்டி அந்தக் கால்களோடுதான் நடந்தது. "நேர் ரோட்டுல கொதிக்குதா?" இல்லை. "மெதுவா மேடு ஏறுறப்ப மட்டும்?" ஆமாம். "அப்ப ஃபேன் கிளட்ச் போயிருக்கும் சார். பேப்பர் வச்சுப் பாருங்க." ஃபேனையும் இன்ஜினையும் பிணைப்பது உள்ளங்கையளவு ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கும், சூடேறினால் அந்த எண்ணெய் ஃபேனைப் பிடித்து வேகமாகச் சுழற்றும், எண்ணெய் கசிந்து தேய்ந்துபோனால் ஃபேன் சும்மா பேருக்குச் சுற்றும் என்று கால்கள் எனக்கு விளக்கின. சோதனை எளிது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் தள்ளி நின்று, சுருட்டிய செய்தித்தாளை ஃபேனில் காட்ட வேண்டும். தாள் கிழிந்தால் கிளட்ச் நல்லது, ஃபேன் நின்றால் கிளட்ச் காலி.

வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமை நாளிதழைப் பன்னிரண்டு பக்கமும் சேர்த்துச் சுருட்டிக் காட்டினேன். ஃபேன் நின்றது. தம்பி, நம் பத்திரிகையில் நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். பாலத்தைப் பற்றி எழுதினேன், குப்பைக்கிடங்கைப் பற்றி எழுதினேன், எதுவும் நிற்கவில்லை. நம் பேப்பர் ஒன்றை நிறுத்தியதை என் கண்ணால் பார்த்தது இதுவே முதல் தடவை.

மெக்கானிக்குக் கை ஒழிய பத்து நாள் ஆகுமாம். புது கிளட்சை நானே வாங்கி வந்து, நானே மாட்டுவது என்று முடிவெடுத்தேன். "நீங்களா? பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுவீங்களே" என்றாள் உன் அக்கா. அதைக் காதில் வாங்காமல் பெரிய ஸ்பேனரை மாட்டித் திருகினேன். கிளட்சைப் பிடித்திருந்த நட் அசையவில்லை. வெள்ளி முழுவதும் திருகினேன், ஸ்பேனரில் குழாயைச் செருகித் திருகினேன், டயரில் காலை ஊன்றித் திருகினேன், சனி காலையும் விடவில்லை. கடைசியில் அவள் வந்து நின்று, "எந்தப் பக்கம் திருகச் சொன்னாரு?" என்றாள். அதைப் போய்க் கேட்பானேன், உலகத்திலுள்ள நட் எல்லாம் ஒரே பக்கம்தானே என்றேன். அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். "அது லெஃப்ட் திரெட்மா, தலைகீழா சுத்தணும்" என்றது போன். அதாவது ஒன்றரை நாளாக நான் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் திருகினால் அதன் பின்னால் பெல்ட் ஓடும் கப்பியும் கூடவே சுற்றியது. அவள் தன் பயணப்பையின் வாரைக் கப்பியில் சுற்றி, இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ம், இப்பத் தட்டுங்க" என்றாள். ஸ்பேனரின் பிடியில் சுத்தியலால் ஒரே அடி. கழன்றது. அந்தச் சத்தம் என் பெயர் முதன்முதலில் முதல் பக்கத்தில் வந்த நாளைவிட இனித்தது.

இன்று காலை, புது கிளட்சை மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி, வாசலில் வந்து விழுந்த ஞாயிறு இதழை மடிப்புக்கூடக் கலைக்காமல் சுருட்டிக் காட்டினேன். இருபது பக்கமும் இணைப்பும் ஒரே நொடியில் துணுக்குத் துணுக்காகிக் கார் கொட்டகை முழுக்கப் பறந்தன. உன் இதழுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த வாசகனும் செய்திருக்க மாட்டான். உன் அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு உள்ளே போன் அடித்தது, போய்விட்டாள்.

அவள் பேசிவிட்டு வந்ததும் மலைக்குக் கிளம்பினோம். அவள் குடையை மடியில் தயாராக வைத்திருந்தாள். நான்காவது வளைவு. ஐந்தாவது வளைவு. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது நின்றபடி நின்றது. ஒன்பதாவது வளைவில் அவள் குடையைப் பின்சீட்டில் போட்டாள். தம்பி, இதற்கு மேல் எனக்கு என்ன விருது வேண்டும்? பழைய கிளட்சைத் துடைத்து, சிறந்த நிருபர் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கேடயத்தைத்தான் கொஞ்சம் ஓரமாகத் தள்ள வேண்டியிருந்தது.

ஆகவே, என் ஜீப் விற்பனைக்கு இல்லை. விளம்பரத்தை எடுத்துவிடு. உன் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு பலமும், உன் பத்திரிகைக்குப் பக்கங்களும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன், முன்னாள் முதன்மை நிருபர், இந்நாள் ஃபேன் கிளட்ச் நிபுணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கொட்டகையைப் பெருக்கப் போனேன். ஒரு துணுக்கில் 'மேட்டில் ஏறினால் கொதி' என்று இருந்தது. மற்ற துணுக்குகளைத் தேடி மேசையில் அடுக்கினேன். இன்றைய இதழிலேயே போட்டுவிட்டிருக்கிறாய். முப்பத்துநான்கு வருடம் வரி விடாமல் பேப்பர் படித்தவன், என் ஜீப் விளம்பரத்தைப் பிரித்தே பார்க்காமல் ஃபேனுக்குக் கொடுத்திருக்கிறேன். உன் அக்காவிடம் ஓடினேன். "காலையிலேயே பதினோரு போன் வந்துச்சு, வித்தாச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். யாருக்கு என்றேன். "எனக்குத்தான். பேப்பர் கிழிஞ்சதைப் பாத்தேன்ல? அந்த மாதிரி வண்டியை யாராவது வெளியாளுக்குக் கொடுப்பாங்களா? அடுத்த வாரம் மலைக்கு நான் ஓட்டுறேன். நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் உக்காருங்க."

திருத்தம்: மேற்கண்ட கடிதத்தில் 'என் ஜீப்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'உன் அக்காவின் ஜீப்' என்று வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.