சுகமாக இருந்த விசிறியை நான் திருத்திய கதை

ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதி இல்லை. அவன் தன் பாட்டில் இருப்பான். அரைகுறையாகத் தெரிந்து, கையில் கறண்டு பார்க்கும் மீற்றரும் வைத்திருப்பவனைத்தான் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். எண்பதுகளின் நடுவில் மருதமுனையில் அப்படி ஒருவன் கட்டிப்போட ஆளில்லாமல் திரிந்தான். தபாலில் றேடியோ திருத்தும் படிப்புப் படித்து, சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். இன்று அவனைக் கண்டால் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பேன். என்ன செய்வது, அவன் நான்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் இருப்பான். அந்த வீட்டுக்கு, சவூதியில் வேலை செய்த என் மனைவியின் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு ஜப்பான் கார் வாங்கி விட்டுப் போனான்.

"ஓட்டு மச்சான். வாப்பாவ ஏத்திட்டுத் திரி. ஆனா உள்ளுக்குக் கை வெச்சிராத" என்றான்.

கை வைக்காதே என்றால் என்ன அர்த்தம்? சுவரில் தொங்கும் சான்றிதழ் அவன் கண்ணில் படவில்லையா? அவன் பிளேன் ஏறும்வரை எனக்குக் கடுப்பு ஆறவில்லை.

அதுவரை ஊரில் ஓடிய பழைய கார்களில் விசிறி பெல்ட்டில் சுற்றும். ஸ்டார்ட் பண்ணினால் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். இந்தக் காரில் விசிறிக்கென்று தனியாக ஒரு கறண்டு மோட்டர். ஒருநாள் காலையில் பொனட்டைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். விசிறி அசையவில்லை. மீற்றரை வைத்தேன். முள்ளும் அசையவில்லை. அன்று மாலை கல்முனைச் சந்தைக்குப் போய் வந்து, காரை நிறுத்தித் திறப்பை உருவிக் கையில் எடுத்தேன். அப்போது பார்த்து விசிறி 'உர்ர்' என்று தானாகச் சுற்றியது! பொனட்டைத் தூக்கி மீற்றரை வைத்தேன், முள் துள்ளி எழும்பியது.

வாசலில் நின்ற மாமி பதறிப்போனார். "அல்லாஹ்வே! திறப்பு உங்கட கையில இரிக்கி. அப்ப ஆரு சுத்துற? ஜின்னா?" ஆயத்துல் குர்ஸி ஓதிக் காரின் மேல் ஊதினார். கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. "அது அதுட பாட்டுக்கு இரிக்கட்டும் மருமகன். நீங்க கை வைக்காதீங்க."

(இன்னொரு 'கை வைக்காதே'!)

"இது ஜின்னுமில்ல, ஒண்ணுமில்ல மாமி. கறண்டு லீக்காகுது" என்று சிரித்தேன். மீற்றர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காலையில் கறண்டு இல்லை என்றது, மாலையில் இருக்கிறது என்றது. இரண்டும் உண்மை. இரண்டையும் கூட்டி ஒரு முட்டாள்தனத்தைச் செய்தது என் மூளைதான்.

அந்த வாரம்தான் மாமாவுக்குக் கடிதம் வந்தது. சொறிக்கல்முனைக்கு அப்பால் காடு வெட்டி, பதினைந்து வருடமாக அவர் விதைத்து வந்த மூன்று ஏக்கர் வயலுக்கு அரசாங்கம் எழுதித் தரும் பேமிற் கிடையாது. அதைக் கொடுக்க அதிகாரிகள் விசாரிக்கும் காணிக் கச்சேரி அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும், வராதவர்களின் பெயர் வெட்டப்படும் என்று எழுதியிருந்தது.

"பஸ்ஸில போவம் மனே" என்றார் மாமா. "இந்தக் கார்ர சாமான் நமக்குத் தெரியா."

"எனக்குத் தெரியும் மாமா."

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். லீக் அங்கேதான் என்று முடிவு கட்டி, விசிறியைச் சுற்ற வைக்கும் றேடியேட்டர் சுவிச்சின் வயர்களை வெட்டி எறிந்தேன். பற்றரியில் இருந்து நேரே மோட்டருக்குப் புதிதாக இரண்டு வயர் இழுத்து, நடுவில் வீட்டு லைட் சுவிச் ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே திருகினேன். இரண்டு வயரில் எது எது என்று பார்க்கவில்லை. றேடியோவில் மாற்றிக் கொடுத்தால் புகை வரும். இங்கே புகை வரவில்லை, விசிறி சுற்றியது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

காரின் முன்னால் போய் நின்றேன். முகத்தில் குளுகுளுவென்று காற்று அடித்தது. வெளியே கச்சான் காற்றின் அனல். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கினார். "நல்லாத்தான் வருகுது மனே" என்றார். அந்த மனிதர் என்னைப் புகழ்ந்தது அன்று மட்டும்தான்.

கச்சேரி நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மாமா வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட், தொப்பி. கக்கத்தில் வயலுக்குக் கட்டிய பழைய ரசீதுகள் சுற்றிய பை. ஆற்றைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதியில் ஏறும்போதே சூடு காட்டும் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. இறங்கி முதலில் விசிறியைத்தான் பார்த்தேன். பேய் வேகத்தில் சுற்றியது. ஆகவே பிழை விசிறியில் இல்லை! (என்ன அறிவு, என்ன அறிவு!) பியூஸைப் பார்த்தேன், பற்றரியைப் பார்த்தேன். றேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பச்சை நிறத் தண்ணீர் கொதித்துப் பாய்ந்து, தள்ளி நின்ற மாமாவின் வெள்ளைச் சேட்டில் பாதியை நனைத்தது. நல்ல காலம், தோல் வேகவில்லை.

அந்த நேரத்தில்தான் பஸ் வந்தது. கொண்டக்டர் எட்டி மாமாவைப் பார்த்து, "காக்கா, ஏறுங்க! கச்சேரிக்குத்தானே?" என்று கத்தினார். மாமா ஒரு காலை மிதிபலகையில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ரெண்டு நிமிசம் மாமா. பிழையப் புடிச்சிட்டன்."

ஒரு பிழையையும் பிடிக்கவில்லை. மருமகன் திருத்திய காரை விட்டு மாமனார் பஸ்ஸில் போனார் என்று ஊர் கதைக்குமே என்றுதான் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காலை எடுத்தார். பஸ் போய்விட்டது. அவருக்கு அன்று கோபம் வந்திருக்கக் கூடாதா, என்னைத் தள்ளிவிட்டு ஏறியிருக்கக் கூடாதா? அந்த நல்ல குணத்தை நினைத்தால் அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தண்ணீர் ஊற்றினோம், ஓடினோம், கொதித்தது. மூன்று தரம். பத்து மணி தாண்டி, சொறிக்கல்முனையில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் சின்னராசாவின் கொட்டிலுக்கு முன்னால் கார் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அவர் மீற்றரைக் கேட்கவில்லை. மடியில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். காரின் முன் கம்பிகளில் வைத்து, "சுவிச்சப் போடுங்க தம்பி" என்றார். போட்டேன். வெற்றிலை பறந்து வந்து அவர் நெஞ்சில் விழுந்தது.

"வெளியால ஊதுது தம்பி. உள்ளுக்கெல்லோ இழுக்கோணும். வயர மாத்திக் குடுத்திட்டீங்க."

இரண்டு வயரையும் இடம் மாற்றினார். வெற்றிலை கம்பியில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. மாமா குனிந்து அந்த வெற்றிலையை வெகுநேரம் பார்த்தார்.

காரை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கச்சேரிக்குப் போனபோது பதினொன்றரை. "மூணு தரம் பேர் கூப்பிட்டது ஐயா" என்றார் கிளாக்கர். பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு. பச்சைக் கறை படிந்த சேட்டோடு மாமா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவோ கெஞ்சினேன். அடுத்த போகம் அந்த வயலில் வேறு யாரோ விதைத்தார்கள்.

வீட்டில் நடந்ததை எழுதிப் போட, இரண்டு மாதம் கழித்துச் சவூதியில் இருந்து மச்சான் பேசிப் பதிந்த கசெட் வந்தது. டேப் றெக்கோடரைத் திருத்திப் போட்டுக் கொடுத்தவனும் நானே. வீடு நிறைய ஆட்கள் கேட்டிருக்க, அவன் குரல் அதிர்ந்தது: "அது சூடாகினாத்தான்டா சுத்தும்! நிப்பாட்டினாப் பொறகும் சூடு ஆறுமட்டும் சுத்தும்! அதுதான்டா அதுட வேல! சுகமா இருந்ததப் போய் என்னத்தடா திருத்தின நீ?"

மாமி, "சரியா விளங்கல்ல. இன்னொருக்காப் போடுங்க மருமகன்" என்றார். நன்றாக விளங்கித்தான் கேட்டார். ஜின்னின் நிரபராதித்தனம் நிரூபணமாகியிருந்தது அல்லவா?

பின்னாளில் மாமா சுகமில்லாமல் படுத்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி வைத்தோம். வேறு யார் போட்டாலும் கண்ணை மூடிப் படுப்பார். நான் போட்டால் மட்டும், தலையணைக்குக் கீழிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து விசிறிக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். இன்றும் எங்கள் வீட்டில் நான் எந்த விசிறியில் கை வைத்தாலும் யாராவது வெற்றிலை தேடுவார்கள்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எரியும். அந்த மூன்று ஏக்கரைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன். வெற்றிலையோடு என்ன சண்டை பிடிப்பது?