அழுகுணி ஆட்டத்தை நான் திருத்திய வெள்ளிக்கிழமை

அன்றைக்குப் பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள்: கடை முதலாளி அன்சாரி பாய், அவருடைய அக்கா மும்தாஜ், கீழப்பழுவூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்த என் அப்பா, அப்புறம் நான். மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர் ஜபருல்லா ஷார்ஜாவில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனசு இங்கே இருந்ததால் அவரையும் வந்தவர் கணக்கில் சேர்க்கிறேன். வராதவன் ஒருவன்தான், என் கூட்டாளி செல்வமணி. காரியம் ஜெயிக்க வேண்டும் என்று சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தான். (அவன் போகாமல் இருந்திருந்தால் காரியம் பாதியாவது பிழைத்திருக்கும்.)

யாரும் கேட்காத நியாயத்தைச் செய்துவைக்கும் வியாதி எனக்கு அப்போது இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். போனவன் கம்ப்யூட்டர் டிப்ளமோ வரைக்கும் போய்விட்டதால், உலகத்தில் எங்கே தப்பு கண்டாலும் சிவப்பு மையில் சுழித்து வைப்பது என் பொறுப்பு என்று நம்பினேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமே எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுத்தவன்.

நானும் செல்வமணியும் சேர்ந்து இணையத்தில் தாயம் ஆட ஒரு விளையாட்டு செய்திருந்தோம். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே கட்டத்தில் ஆடலாம். கட்டை உருட்டுவது மட்டும் கம்ப்யூட்டரின் வேலை. காயை அவரவர் மவுஸால் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் பேசிக்கொள்ள ஒரு பெட்டி. அதற்குமேல் அந்தப் பழைய எஞ்சினில் எனக்குச் செய்யத் தெரியவில்லை. (விளையாட்டை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை எஞ்சின் என்பார்கள். படம், சத்தம், சட்டதிட்டம் எல்லாவற்றையும் அதுதான் சுமக்கும்.)

பாயின் ஊரான லப்பைக்குடிக்காட்டு ஆண்களில் நிறையப் பேர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ஜும்மா முடிந்ததும் அவர்கள் அங்கே உட்காருவார்கள், குடும்பத்தார் இங்கே உட்காருவார்கள். பிள்ளைகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் வாடகைக்கு வீடு எடுத்திருந்த மும்தாஜ் அக்கா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஓர் ஆட்டம் இரண்டரை மணி நேரம் ஓடும். பாய்க்கு மணிக்கணக்கில் காசு. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அது எனக்குத் தெரியவில்லை. பேசுகிற பெட்டியைத் தினமும் படிப்பது என் வழக்கம். அதில் வருவதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: "நாலு போட்டுட்டு அஞ்சு வைக்கிறே, கள்ளி." "எண்ணி வைங்க, எண்ணி." "நான் அந்தப் பக்கம் பாத்தப்ப காய நவுத்துனது யாரு?" "போங்க, நான் ஆட வரலை." நான் இதையெல்லாம் வாடிக்கையாளர் புகார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். நூற்றுப்பதினாறு புகார் சேர்ந்தது. மக்கள் நீதி கேட்கிறார்கள், நாம் சும்மா இருக்கலாமா?

அப்போதுதான் ஒரு புது எஞ்சின் சி.டி. கைக்குக் கிடைத்தது. பலகையை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், சட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் காய் தானாக எண்ணி நகரும். யாரும் ஏமாற்ற முடியாது. நாலு மாதம் உட்கார்ந்து விளையாட்டை அதற்கு மாற்றினோம்.

வீட்டில் வேறு ஒரு நெருக்கடி. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடுகிற வேலையை மாமா எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கெழம நானே வந்து பாக்கறேன். நீ பண்றது நெசமாவே வேலைதான்னா இரு. வெளையாட்டுன்னா லாரிய எடை போடு."

பாயும் என் பக்கம்தான். "இந்த வாரம் நல்லா ஓடிருச்சுன்னா மாசச் சம்பளமே போட்டுத் தரேன் தம்பி. உங்க அத்தாகிட்ட நானே பேசறேன், இன்ஷா அல்லாஹ்." (அப்பாவைத்தான் அவர்கள் அத்தா என்பார்கள்.)

ஆக, அந்த ஒரு மத்தியானத்தில் என் பிழைப்பு மாட்டியிருந்தது.

மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. திரையில் பித்தளைக் கட்டைகள் பளபளவென்று உருண்டன. செல்வமணி வீட்டுக் கட்டையைச் சிமெண்டுத் தரையில் உருட்டிப் பதிவு செய்த சத்தம் கணீரென்று கேட்டது. அப்பா, "அட!" என்றார். (அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் 'அட' அது. ஐந்து நிமிஷம் நீடித்தது.)

இரண்டு பேருக்கும் தாயம் விழுந்து காய் ஏறியது. அடுத்து மும்தாஜ் அக்காவுக்கு நாலு விழுந்தது. காயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அது தானாக நாலு கட்டம் நடந்து போய் நின்றது.

"தம்பி, இது நவுர மாட்டேங்குது."

"நீங்க நவுத்த வேணாங்க்கா. அதுவே எண்ணி நவுந்துக்கும்."

"அதுவே எண்ணிக்கும்னா நான் எதுக்கு?"

நான் பெருமையாகச் சிரித்தேன். ஷார்ஜாவிலிருந்து பெட்டியில் எழுத்து வந்தது: "நாலு போட்டு நாலுதான் வச்சிருக்கே. உடம்பு சரியில்லையா புள்ள?"

அடுத்து ஜபருல்லா உருட்டினார். மூன்று. மூன்றாவது கட்டத்தில் அக்காவின் காய். வெட்டு விழுந்தால் வெட்டியே தீர வேண்டும் என்று நான்தான் சட்டம் எழுதியிருந்தேன். அவர் காய் போய் அக்காவின் காயை 'டொப்'பென்று வெட்டி வெளியே தள்ளியது. அந்தச் சத்தத்தையும் நான்தான் தேடிப் பிடித்துப் போட்டிருந்தேன்.

அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: "ஒரு வருசமா வெட்டாம தாண்டிப் போனவருக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?"

"அல்லா மேல ஆணையா நான் வெட்டலை. அதுவா வெட்டிருச்சு."

"அதுவா வெட்டுமா? கைய யாரு வச்சா?"

பதினெட்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. ஜபருல்லா ஜெயித்தார். ஜெயித்த மனுஷன் அழாத குறையாக என்னைக் கூப்பிட்டு எழுதினார்: "தம்பி, அவ ஏமாத்துறதக் கண்டுபிடிக்கத்தான் நான் வாரம் பூரா காத்துக் கெடக்கேன். அத ஏன் எடுத்தீங்க?"

நூற்றுப்பதினாறு புகாருக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் லேட்.

நிலைமையைச் சமாளிக்க அப்பாவை உட்காரவைத்து நானே அவரோடு ஆடினேன். தாயம் விழுந்தால்தான் காய் ஏறும். அப்பாவுக்கு ஒன்பது தடவை உருட்டியும் விழவில்லை. எங்கள் ஊரில் மூணு தடவை தவறினாலே எதிராளி, 'சரி, பாவம், ஏறிக்க' என்று விட்டுவிடுவான். அதற்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

"ஏன்டா, இது கெஞ்சுனாக்கூட விடாதா?"

"விடாதுப்பா. சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான்தான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்திரித் தோப்பில் காய்க்காத மரத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

நாலு மணிக்குள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சண்டை இல்லாத ஆட்டத்தில் பேச என்ன இருக்கிறது? பாய் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி. பழசையே போட்டுருங்க."

பழசு எங்கே இருக்கிறது? புது விளையாட்டை ஏற்றிய பெருமிதத்தில் இணையத்திலிருந்து அதை அழித்திருந்தேன். பாயின் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அங்கேயும் அழித்திருந்தேன். உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சி.டி. அது செல்வமணியிடம் இருந்தது.

ஐந்து மணிக்கு அவன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் மஞ்சப்பையோடு வந்து இறங்கினான்.

"நல்லபடியா அர்ச்சனை முடிஞ்சுது மாப்ள. சி.டி.யவே தட்டுல வச்சுக் குடுத்தேன்."

"எந்த சி.டி.ய?"

"நம்ம சி.டி.தான். பழசும் புதுசும் ஒரே மாதிரி இருந்துச்சு, கையில வந்தத எடுத்துட்டுப் போனேன்."

பையிலிருந்து உடைத்த தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, அப்புறம் சி.டி. எடுத்தான். முகம் பார்க்கிற மாதிரி இருந்த சி.டி. அம்மிக்கல் மாதிரி ஆகியிருந்தது.

"இது என்னாடா கோடு கோடா?"

"தேங்காத்தண்ணி பட்டுக் குங்குமம் ஒட்டிக்கிச்சு. வேட்டில தொடச்சேன், போகலை. அப்பறம் தேங்கா நாரு இருந்துச்சா..."

"நாரால தேச்சியா?"

"அழுத்தித் தேய்க்கலை மாப்ள. பதமாத்தான்."

டிரைவில் போட்டோம். 'கர்ர்ர்' என்று நாலு தடவை முனகியது. அப்புறம் அதுவாகவே சி.டி.யை வெளியே தள்ளிவிட்டது. பாய் எல்லாருக்கும் டீ சொன்னார். அப்பா டீயைக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு பஸ்ஸு" என்றார்.

எடை மேடை வேலை எனக்கு நன்றாகவே ஒத்துவந்தது. லாரிக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் எடை மாறாது. அங்கே என் குணத்தை நேர்மை என்றார்கள். வீட்டில் வேறு பெயர். இன்றைக்கும் நான் பந்தியில் இலை போடுகிற வரிசையைச் சரிசெய்யப் போனால், அப்பா பக்கத்து ஆளிடம், "ஆட்டத்தத் திருத்த வந்துட்டான் பாரு" என்பார். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டிய அன்றைக்கு என் மனைவியும் அதையே சொன்னாள். என் மகளுக்கு இன்னும் அந்தக் கதை முழுதாகத் தெரியாது. ஆனால் வசனம் தெரியும்.

ஜபருல்லா அடுத்த வருஷம் லீவில் வந்தபோது என்னைப் பார்க்க அரியலூருக்கே வந்தார். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டெலிபோன் கார்டை மேஜைமேல் வைத்தார். எல்லாம் சுரண்டித் தீர்ந்தவை. என் விளையாட்டு போன பிறகு அவர் அங்கே ஓர் அட்டைப்பெட்டியில் கட்டம் போட்டுக்கொண்டாராம், அக்கா இங்கே தரையில் சாக்பீஸால் போட்டுக்கொண்டாராம். ஆளுக்கு ஒரு ஜோடிக் கட்டை. உருட்டிவிட்டு என்ன விழுந்தது என்று போனில் வாயால் சொல்ல வேண்டியது.

"அவளுக்கு எப்பவும் பன்னெண்டுதான் தம்பி விழுது."

"நம்புறீங்களா?"

"நம்பாம? சண்டை போட்டுக்கிட்டே நம்புறேன்."

"யாரு ஜெயிச்சா?"

"இன்னும் மொத ஆட்டமே முடியலையே."

நான் கார்டுகளை எண்ணினேன். (வேறு யாராவது எண்ணுவார்களா?) நாற்பத்து மூன்று. கார்டு ஒன்றுக்கு முப்பது திர்ஹம். ஆக, முடியாத ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு திர்ஹம்.