நாலாம் பக்கத்தில் ஓர் ஓட்டை

கட்டுரை தபாலில் திரும்பி வந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கமும் வெங்காயம். பதினேழாம் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை.

குணலட்சுமி கொழும்பில் யூனிவர்சிற்றிக் கொலிச்சில் பொருளியல் படிக்கிறவள். 1937 ஓகஸ்ட் விடுமுறைக்குச் சுன்னாகத்து வீட்டுக்கு வந்து இன்னும் பெட்டியைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. அதற்குள் விரிவுரையாளரின் கடிதம் பின்னாலேயே ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டது.

"பத்திரிகையின் பெயர் மட்டும் போதாது. தேதி எங்கே? பக்கம் எங்கே? எழுதியவர் யார்? இவை இல்லாதது ஆதாரமல்ல, ஊர்க்கதை. இந்தக் கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் பரீட்சைக்கு உமது பெயர் போகாது. செய்தியில் வருகிற ஆராய்ச்சியாளரையும் நான் அறியேன். அறிய ஆவல்."

தகப்பன் கதிரவேலு தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு கேட்டார்.

"பேப்பரிலை வந்ததெண்டாலும் காணாதாமோ?"

"எந்தப் பேப்பர், எண்டைக்கு, எத்தினையாம் பக்கம் எண்டு சொல்லவேணும் அப்பா."

"ஏன், அவர் போய்ப் பாக்கப் போறாரோ?"

"பாப்பார்."

அவர் பார்க்கிற ஆள்தான். அதுதான் வில்லங்கம்.

செய்தி 'வடதிசைத் தூதன்' பத்திரிகையில் வந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயத்தில் மூன்றில் ஒரு பங்கு சந்தைக்கே வருவதில்லை, விலை ஏறட்டும் என்று வீட்டுக் குசினி அடுப்புப் புகையில் தொங்குகிறது என்று கொழும்பில் ஓர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தாராம். சித்திரை வருஷப்பிறப்புக்கு வீட்டில் நின்றபோது குணலட்சுமியின் கண்ணில் பட்டது. கட்டுரை முழுவதையும் அவள் இந்த ஒரு செய்தியின் மேல்தான் கட்டியிருந்தாள். தையல் கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டியும் எடுத்தாள். தேதியும் பக்க எண்ணும் தாளின் உச்சியில் இருப்பவை. உச்சியை அன்றைக்கு யார் பார்த்தார்கள்? எழுதியவர் பெயருக்குப் பதிலாக 'நமது நிருபர்' என்று மட்டும் இருந்தது.

பத்திரிகைக் கந்தோரைக் கேட்கலாம் என்றால் 'தூதன்' மே மாதத்தோடு மூச்சை நிறுத்திவிட்டான். கதவில் பூட்டுத் தொங்குகிறது.

பழைய தாளைத் தேட வேண்டியதுதான். அந்தக் குறுகிய ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒரு பேப்பர். முதலில் சந்தா கட்டுகிற மலாயாவில் வேலைபார்த்து வந்த பென்சன்காரர் அருளம்பலம் வாசிப்பார். இரண்டாவது குணலட்சுமி வீடு. மூன்றாவது சிவக்கொழுந்து மாமி. கடைசியாக முத்துக்குமாருவின் கடை. தாள் அவருக்கே சொந்தம். குணலட்சுமி நேரே கடைக்குப் போனாள்.

"சித்திரைப் பேப்பரோ?" முத்துக்குமாரு சிரித்தார். "அது சித்திரையிலையே சீனி சுத்தினது பிள்ளை."

பிறகு அருளம்பலத்தாரிடம் போனாள். அவர் வெட்டின துண்டைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு புரட்டினார்.

"வெங்காயம் கிடக்கட்டும். மறுபக்கத்தைப் பார்."

மறுபக்கம் மரண அறிவித்தல். பெயரின் முன்பாதியைக் கத்தரிக்கோல் விழுங்கிவிட்டது. '...ராசா அவர்கள் நேற்றுக் கரவெட்டியில் காலமானார். கிரியைகள் நாளை' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. இத்தனை மாதமும் அந்தப் பக்கத்தை அவள் திருப்பியே பார்க்கவில்லை.

"இது கரவெட்டி நடராசா! சிவக்கொழுந்தின்ரை ஒண்டுவிட்ட தமையன். அவர் செத்த நாள் தெரிஞ்சால் உன்ரை தேதி வந்திடும். சிவக்கொழுந்தைக் கேள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்குவமாக் கேள். அவ அந்தச் செத்தவீட்டுக்குப் போகேல்லை."

"ஏன் ஐயா?"

"அறிவித்தல் பேப்பரிலை வந்தது, நானே வாசிச்சனான். அவ வரேல்லையெண்டு சாதிக்கிறா. அண்டையிலை இருந்து கரவெட்டியார் அவவோடை கதைபேச்சில்லை."

குணலட்சுமிக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாம் வீட்டில் விழுந்த ஓட்டை, மூன்றாம் வீட்டுக்குப் பேப்பராகப் போயிருக்கிறது. ஒரு செத்தவீட்டையே வெட்டி எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவள் கொழும்புக்குப் போயிருக்கிறாள். வெட்கத்தில் முகம் சுட்டது.

ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் உண்மையான தேதி எதுவென்று அறியாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. அது அவளுடைய பிறவிக் குணம். சிவக்கொழுந்து மாமி வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"மாமி, நடராசா மாமா மோசம் போனது எண்டைக்கு?"

"எனக்கெப்பிடித் தெரியும்? எனக்கு ஆர் சொன்னது?" மாமிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பேப்பரிலை போட்டதாம்! நான் ஒரு வரி விடாமல் வாசிக்கிறனான்."

"அதிலை... ஓட்டை ஏதும் இருந்ததோ மாமி?"

"இருந்தது. அருளம்பலத்தார் சுருட்டுப் பத்தக் கிழிச்சிருப்பார். ஏன் கேக்கிறாய்?"

குணலட்சுமி துண்டை நீட்டினாள். மாமி வெங்காயத்தை வாசித்தார், புரட்டினார், மறுபக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெளிக்கிடு பிள்ளை. கரவெட்டிக்குப் போறம்."

"மாமி, அந்தத் துண்டு எனக்கு வேணும்!"

"எனக்கும் வேணும். என்ரை மானம் உதுக்குள்ளைதான் கிடக்குது."

தேதி தேடப் போனவளுக்கு இப்போது கையிலிருந்த துண்டும் இல்லை. பஸ்ஸில் வழி முழுவதும் மாமி இடுப்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

கரவெட்டியில் நடராசாவின் மனைவி பத்மாவதி முதலில் முகம் கொடுக்கவில்லை. மாமி துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பார் மச்சாள்! உன்ரை அறிவித்தல் எங்கை கிடந்ததெண்டு பார்!"

"பேப்பரிலை போட்டால் காணும் எண்டு நாங்களும் ஆள் அனுப்பாமல் விட்டிட்டம்..." என்று பத்மாவதி தொடங்கினார். முடிக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாலு மாதமாக அழ வேண்டியது அல்லவா? குணலட்சுமியும் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் இருவரும் ஒற்றுமையாக அவள் பக்கம் திரும்பினார்கள்.

"கத்தரிக்கோல் எடுத்தால் மறுபக்கம் பாக்கிறேல்லையோ?"

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?"

பேச்சு வாங்கி முடிந்த பிறகு அவள் மெல்லக் கேட்டாள். பத்மாவதி றங்குப்பெட்டியைத் திறந்து, அறிவித்தல் வந்த முழுப் பேப்பரையும் எடுத்து விரித்தார். ஏப்ரில் பத்து, சனிக்கிழமை. நாலாம் பக்கம், மூன்றாம் பத்தி. குணலட்சுமிக்கு அந்தத் தாளைக் கும்பிடலாம் போலிருந்தது.

இனி எழுதியவர் பெயர் மட்டும் வேண்டும். வெங்காயச் செய்தி எழுதினவரை வெங்காயக்காரர் அறிவார்கள் என்று அவள் அடுத்தநாள் சுன்னாகச் சந்தைக்குப் போய் ஆள் ஆளாக விசாரித்தாள். அங்கேதான் நிலைமை இன்னும் கெட்டது. யாரோ ஒரு கொழும்புப் பெண் கொப்பியும் பென்சிலுமாக வந்து, எவர் வீட்டில் எவ்வளவு வெங்காயம் தொங்குகிறது என்று அரசாங்கத்துக்குக் கணக்கெடுக்கிறாள் என்று கதை பரவியது. பத்து மணிக்குள் வெங்காயம் விற்கிறவர்கள் எல்லாரும் ஊமையானார்கள். ஒருவர் அவளைக் கண்டு கூடையைச் சாக்கால் மூடினார்.

அவள் சோர்ந்துபோய்க் கருவாட்டுப் பக்கம் நின்றாள். குருநகரிலிருந்து வந்து கருவாடு விற்கிற கிறகோரி இருபக்கமும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"சத்தியம். என்ன?"

"அந்த நிருபர் நான்தான்."

"நீங்களோ!"

"சத்தம் போடாதையுங்கோ. கருவாட்டுக்காரன் எண்டால் எல்லாரும் எனக்கு முன்னாலை வாய் திறப்பினம். நிருபரெண்டு தெரிஞ்சால் ஒரு செய்தி வராது. ஆனால் உங்கடை படிப்பு நிண்டுபோகுமெண்டு சிவக்கொழுந்தம்மா சொன்னா. எனக்கு மனம் கேக்கேல்லை. பேரை எழுதிக்கொள்ளுங்கோ. கொழும்பிலை நானென்ன கருவாடு விக்கவோ போறன்?"

குணலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தை நடுவிலேயே கொப்பியைத் திறந்து, 'கிறகோரி, வடதிசைத் தூதன், 10 ஏப்ரில் 1937, பக்கம் 4' என்று எழுதினாள். பெயர், தேதி, பக்கம், ஆள் எல்லாம் வந்துவிட்டன. பரீட்சை அவளுக்கு நிச்சயம். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணை, அந்தக் கொழும்பு ஆராய்ச்சியாளர் ஆர்? எங்கடை விரிவுரையாளர் அவரை அறிய ஆசைப்படுறார்."

கிறகோரி அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்கள்தானே பிள்ளை, 'மூண்டிலை ஒரு பங்கு வெங்காயமாவது எங்கடை குசினியிலை தொங்குமோ அப்பா?' எண்டு மாசியிலை நீங்கள் எழுதின கடிதத்தைக் கொப்பர் கதிரவேலு இதிலை நிண்டு சந்தை முழுக்கக் கேக்க வாசிச்சவர்!"