கழட்டியர் பார்த்த பொருத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் விரிந்த, சுருங்கிய, உருண்ட, எரிந்த பொருட்களில் பாதியையாவது கழட்டியர் கழற்றிப் பார்த்திருப்பார். மிச்சப் பாதிக்கு அவருடைய கை எட்டியிருக்காது, கண் எட்டியிருக்கும்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு அவர் கழட்டியர்தான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார்கள். அவர் ஸ்க்ரூ ட்ரைவர் வைத்திருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வருவதற்குள் அந்த வீட்டின் ஏதோ ஒன்று மேசையில் பிளந்து கிடக்கும். பூட்டித் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சின்னத் துண்டையும் உள்ளங்கையில் வைப்பார்.

"இது வேண்டாம். இது இல்லாமலே ஓடும்."

ஓடியது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்ததில், கப்பலில் வந்துகொண்டிருந்த சாமான்கள் நின்றுபோன காலம் அது. குடையிலிருந்து அடுப்புவரை எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டியிருந்தது. செய்யத் துணிந்த முதலாளிமார் நிறையப் பேர் இருந்தார்கள், செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். கழட்டியர் மெக்கானிக்கல் எஞ்சினியர். முதலாளிமார் வாகனம் அனுப்பி அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரே குறை, ஒரு பொருள் சரிவந்துவிட்டால் அடுத்த நாளே அவர் வேலையை விட்டுவிடுவார்.

இந்த மனிதரைத்தான் தரகர் என் அக்காவுக்குப் பேசி வந்தார். அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஒரே திணைக்களத்தில் சேர்ந்து, அதே திணைக்களத்தில் தொப்பியைக் கழற்றியவர். எஞ்சினியர் என்ற சொல்லைக் கேட்டதும், ஒழுங்கைக் கதை எதையும் காதில் வாங்காமல், உடனே பெண் பார்க்க வரச் சொன்னார். அக்கா பாடசாலையில் கணக்குப் படிப்பித்தாள். மாப்பிள்ளைகளைப் பற்றி அவள் அதுவரை எந்தக் கருத்தும் சொன்னதில்லை.

வந்தவரிடம் அப்பா கேட்டார்: "தம்பி என்னமாதிரி எஞ்சினியர்?"

"இப்ப குடை, ஐயா."

"குடையோ?"

"ஓம். போன வருசம் பிஸ்கட்."

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் வடையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மின்விசிறி கிறீச்சிட்டது. அது வருடக்கணக்காகக் கிறீச்சிட்டது, எங்களுக்குக் கேட்பதில்லை. கழட்டியருக்குக் கேட்டது. யாரையும் கேட்காமல் சுவிட்சை நிறுத்தி, கதிரையில் ஏறி நின்று, செட்டைகளைக் கழற்றத் தொடங்கினார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் முகம் கூரைக்குப் பக்கத்தில் இருந்தது.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பிடியும்," என்றார் அவர்.

பெண் பார்க்க வந்தவர் பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில் அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அக்கா தட்டை வைத்துவிட்டுச் செட்டையை வாங்கினாள். சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். பிறகு மற்றச் செட்டையையும் வாங்கி, இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"மற்றதைவிட இது பாரம் கூட," என்றாள்.

"அதுதானே கதை," என்றார் அவர்.

ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் வேறு எங்கும் கண்டதில்லை. இரண்டு பேரும் செட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் வழக்கம். ஏன் இந்த ஆள் ஓரிடத்திலும் நிலைக்கவில்லை என்று அறிந்து வரச் சொன்னார். நான் அப்போது பட்டம் பெற்று, வங்கியில் சேர்ந்து, என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயத்தோடு இருந்தேன். துப்பறியப் போகிறவனைப்போலப் புறப்பட்டேன்.

முதலில் புறக்கோட்டையில் குடை முதலாளி. பூர்வீகம் இந்தியா. "வெயில்ல கடற்கரையில நின்னுக்கிட்டுக் குடையை விரிச்சு விரிச்சு மடக்குவாருங்க. ரயில்ல போற ஜனங்க கையாட்டும். எப்படியோ காத்துக்கு மடங்காத குடை வந்துச்சு. கூடவே ராஜினாமாவும் வந்துச்சு." ஆக, பெண் பார்த்த கிழமைக்குள் குடையும் முடிந்திருந்தது.

பிஸ்கட் தொழிற்சாலைச் சிங்கள மேற்பார்வையாளர் கையைப் பிடித்துக்கொண்டார். அச்சில் மா ஒட்டுகிறது என்று கழட்டியரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உடைந்த பிஸ்கட்டையே மூன்று வேளையும் சாப்பிட்டு, சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போன பிறகு, அச்சின் சரிவை மாற்றி ஒட்டாமல் செய்திருக்கிறார். "எயா பிஸ்ஸெக். ஹெபெய் ஹொந்த பிஸ்ஸெக்," என்றார் அந்த மனிதர். ஆள் பைத்தியம்தான், ஆனால் நல்ல பைத்தியமாம்.

மாளிகாவத்தையில் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்த ஹாஜியார் எனக்குப் பிளேன்டீ தந்தார். "எங்கட ஊட்டுப் பொம்புளயள் இப்ப கண்ணெரியாம சமைக்கிறாங்க, மகன். ஏன் போறீங்கன்னு கேட்டேன். 'இப்ப ஒருத்தரும் அடுப்பப் பத்திக் கதைக்கிறதில்ல, அப்ப சரிவந்திட்டு' என்டார்."

கடைசியாகக் கொட்டாஞ்சேனை. அங்கே ஒரு வயதான கத்தோலிக்கர் சவப்பெட்டி செய்தார்.

"தூக்கிற ஆக்களுக்கு விரல் நசியுது எண்டு புதுக் கைபிடி போட வந்தவர், தம்பி. போட்டிட்டு, பாரத்தோட பார்க்கவேணும் எண்டு தானே ஏறிப் படுத்திட்டார். நாலு பொடியள் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுத்தி வாறாங்கள். கேற்றடியில போன ஒரு மனுசன் தொப்பியைக் கழட்டி நெஞ்சில வைச்சுக்கொண்டு நிண்டார். இவர் உள்ளுக்கிருந்து தலையைத் தூக்கி, 'இடப்பக்கம் சரியுது' எண்டார். தொப்பி இஞ்சதான் கிடக்குது. எடுக்க அந்த மனுசன் வரேல்ல." சிரித்து முடித்துவிட்டு, "அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் விரல் நசியேல்ல. கண்டால் ஒருக்கா வரச் சொல்லும், பெட்டி கொண்டுபோக வண்டிலும் ஒண்டு செய்யவேணும்," என்றார். திரும்ப வரச் சொல்லும்படி மற்ற மூன்று பேரும்கூட என்னை அனுப்பும்போது சொல்லியிருந்தார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் கதை சொல்லத் தெரிந்தவன் என்று பெயர். ரயில் சனம் கையாட்டியதைச் சொன்னேன். பொத்தான் பூட்ட முடியாததைச் சொன்னேன். சவப்பெட்டியிலிருந்து எழும்பிக் காட்டினேன். வாழ்க்கையில் சிரித்து நான் கண்டிராத அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு வந்த பாதியை மட்டும் சொன்னேன். காற்றுக்கு மடங்காத குடையும், எரியாத கண்ணும், நசியாத விரலும் சிரிப்புக்கு உதவாததால் விட்டுவிட்டேன். அக்கா இடையிலேயே எழும்பிப் போய்விட்டாள். அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அப்பா கண்ணைத் துடைத்தார். "வேலையைக் கழட்டி விடுறவன் பிள்ளையையும் கழட்டி விடுவான். சாதகம் பொருந்தேல்ல எண்டு சொல்லி அனுப்புங்கோ."

சம்பந்தம் வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு எங்கள் ஆட்களிடம் இருக்கும் வசனம் அது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். கழட்டியரிடம் தரகர் அதைச் சொன்ன அன்று பின்னேரமே அவர் எங்கள் வாசலில் நின்றார். பையில் ஸ்க்ரூ ட்ரைவர். கையில் தன்னுடைய சாதகம்.

"ஐயா, எந்த இடத்தில பொருந்தேல்ல?"

அப்பா திகைத்துப்போனார். "அது... பொருந்தேல்ல, தம்பி."

"எவ்வளவு பொருந்தேல்ல? கொஞ்சமோ, கனக்கவோ? மற்றதையும் தாங்கோ, ரெண்டையும் வைச்சுப் பார்ப்பம். கொஞ்சம் எண்டால் சரிக்கட்டலாம்."

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். பொருந்தாத பொருளை இரண்டு பக்கமும் பார்க்காமல் தூக்கி எறிவது அவருக்குத் தெரியாத வேலை.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "அப்பா, என்ர சாதகம் பெட்டியை விட்டு வெளியில வரவே இல்லை. ஏன் பொய் சொல்லுறீங்கள்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ நாலு இடத்துக்குப் போனனீ. ஆராவது இவரைத் திரும்ப வரவேண்டாம் எண்டு சொன்னவையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழட்டியரும் பார்த்தார், விடை அவருக்கும் தெரியாது.

"இல்லை," என்றேன். "எல்லாரும் திரும்ப வரச் சொன்னவை." மிச்சப் பாதியையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கதிரையைக் காட்டிக் கழட்டியரை இருக்கச் சொன்னார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டராக இல்லாமல், ஒரு பெண்ணின் தகப்பனாகக் கேட்டார்: "தம்பி, ஒரு வேலையிலும் நீர் நிக்கிறீர் இல்லை. என்ர பிள்ளையோட நிப்பீரோ?"

கழட்டியர் ஒரு வரைபடத்தைப் பார்ப்பதுபோல அக்காவைப் பார்த்தார். அன்றுதான் அவளை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வேலை முடிஞ்சால்தானே ஐயா வெளிக்கிடுறது. இது முடியிற வேலையோ?"

அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். தையில் கலியாணம் நடந்தது.

அதன் பிறகும் அவர் பல வேலைகள் மாறினார். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி, பஸ் கதவு, தேயிலைப் பெட்டி, ஊன்றுகோல், பால்மா நிரப்பும் இயந்திரம். ஒவ்வொன்றும் சரிவந்ததும் அக்கா மேசையில் சோற்றை வைத்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்பாள். வீடு மட்டும் மாறவில்லை.

நான் நல்லவிதமாக எழுதி என் பங்கைக் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை. அக்கா கேட்டிராவிட்டால் அந்த மிச்சப் பாதி என்னோடேயே இருந்திருக்கும். இதைக் கழட்டியரிடம் சொல்ல எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. அவர் அப்போது அக்காவின் மிக்ஸியைக் கழற்றி வைத்திருந்தார். நிமிராமலே கேட்டார்.

"சவப்பெட்டிக் கதைக்குக் கொப்பர் உண்மையாச் சிரிச்சவரோ?"

"அப்பாவோ? கண்ணில தண்ணி வரச் சிரிச்சவர்."

"அப்ப நல்லது. அந்த மனுசனைச் சிரிக்க வைக்க என்னால ஏலாமலே போச்சு."

அதுவரை நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை, வெட்கம். அன்று, "அத்தான்," என்றேன்.

அவர் என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்க்ரூவை வைத்தார். "இது கட்டாயம் வேணும். விழாமப் பிடியும்."

பொத்திப் பிடித்துக்கொண்டேன்.