ஏரிக்கரையில் நான் அடித்த பன்னிரண்டு முளைகள்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரையில் கூடாரம் போட இடம் பார்த்துவிட்டு வரவேண்டும். காலை பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் திண்டிவனம் திரும்பிவிடலாம்.

திரும்பினேன். ஆனால் சாப்பாடு ஆறி, சரோஜா இரண்டு தரம் வாசலுக்கு வந்து பார்த்த பிறகு.

கூடார யோசனை என்னுடையதல்ல. சரோஜா என் மனைவி. அவளுடைய அண்ணன் மெட்ராஸில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பவர். அவர் எங்கேயோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். அங்கெல்லாம் கோடை வந்தால் ஜனங்கள் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்களாம். சர்க்காரே பூங்கா வளர்த்து வைத்திருக்கிறதாம். அங்கே கூடாரம் அடித்து, மீன் பிடித்து, மல்லாந்து படுத்துப் புஸ்தகம் படிக்கிறார்களாம்.

கடிதம் வந்தது. "மாப்ளே, மே மாசம் லீவில் குடும்பத்தோடு வருகிறேன். உங்கள் பக்கம் நல்ல ஏரியாக ஒன்று பார்த்து வைக்கவும். அமெரிக்கா மாதிரியே செய்துவிடலாம்."

"ஏங்க, இது உங்களால முடியுமா?" என்றாள் சரோஜா.

அவள் கேட்டதில் தப்பில்லை. முந்தின வருஷம் மச்சானைத் திருவண்ணாமலை தீபத்துக்கு அழைத்துப் போகிறேன் பேர்வழி என்று, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாற்றி ஏற்றி, கடலூரில் கொண்டுபோய் இறக்கியவன் நான். அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு. "மாப்பிள்ளை தங்கமானவர். ஆனா ஒரு ஏற்பாடும் செய்யத் தெரியாது."

இந்தத் தடவை அந்த வாயை மூடவைக்க வேண்டும். எனக்கு அது மானப்பிரச்சினை!

நான் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். எதையும் பிளான் போட்டுச் செய்கிறவன். கடலூர் விஷயத்தில் பிளான் போடவில்லை, அவ்வளவுதான். ஸ்கூலில் சாரணர் படைக்கென்று இருந்த இரண்டு பழைய கூடாரங்களை ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கினேன். அப்புறம் டிராயிங் போர்டு, அதை நிறுத்த முக்காலி ஸ்டாண்டு, அளக்கிற டேப்பு, பன்னிரண்டு முளைக்குச்சிகள், ஒரு மரச்சுத்தி, கோடு போட ஒரு பை சுண்ணாம்பு. வெயிலுக்கு டிரில் மாஸ்டரின் வெள்ளைக்காரத் தொப்பி.

இப்படி ஒரு வேஷத்தில் செஞ்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊர் பெயரைச் சொல்லமாட்டேன்.

மே மாத ஏரி என்றால் தெரியுமல்லவா? மதகு ஓரத்தில் மட்டும் ஒரு குளத்தளவு தண்ணீர். மீதியெல்லாம் வெடித்த மண். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பச்சைப்பசேலென்று வெள்ளரிக்கொடி படர்ந்திருந்தது. ஆகா, என்ன குளிர்ச்சி என்று அங்கேயே போய் நின்றேன். வெள்ளரி தானாக வரிசை பிடித்து முளைக்காது என்று ஒரு டிராயிங் மாஸ்டருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை!

மச்சானுக்கு ஒரு கூடாரம், நாலு முளை. எங்களுக்கு ஒன்று, நாலு முளை. சமையலுக்கு ஓர் இடம், நாலு முளை. அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, டிராயிங் போர்டில் குறித்துக்கொண்டு, தட்டினேன் பாருங்கள் முளையை! ஏரி முழுக்க எதிரொலித்தது.

பத்தாவது முளையில் ஓர் ஆள் ஓடிவந்தார். தலையில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"வணக்கங்கய்யா. பேரு வேலாயுதங்க. அய்யா எந்த ஆபீசுங்க?"

நான் போர்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன், "திண்டிவனத்துலேர்ந்து வரேன்."

"அளக்கறீங்களாங்க?"

"ஆமாம். ஞாயித்துக்கிழமை இங்க கூடாரம் போடணும்."

"கூடாரமா! யாருங்க வர்றாங்க?"

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வரார். குடும்பத்தோட."

வேலாயுதத்தின் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. நான் பேசியதில் ஒரு சொல் பொய் கிடையாது, கவனியுங்கள்!

மீதி இரண்டு முளையையும் அடித்து முடித்தேன். கால் மணி நேரத்தில் புங்கமரத்தடியில் நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு முறம் வந்தது. என்ன அன்பான ஜனங்கள்! அமெரிக்காவில் இதெல்லாம் கிடைக்குமா என்று நினைத்தபடி இரண்டாவது இளநீரை வாயில் வைத்தேன்.

அப்போது கரைமேல் ஓர் இருபது பேர் திமுதிமுவென்று வந்தார்கள். முன்னால் வந்தவர் கன்னியப்பன். ஏரிக்குக் கீழே நஞ்சை வைத்திருப்பவர்.

"அய்யா, சாமி மாதிரி வந்தீங்க! எத்தினி மனு குடுத்திருப்போம்! இவன் வெள்ளரி வைக்கத் தண்ணியெ நிக்கவுடாம, எங்களுக்கு வேணாத நேரத்துல மதகைத் தொறந்து வுட்டுக்கினு இருக்கான். இப்ப தண்ணியில்லாம எங்க பயிரு காயுது. முளெயெ இன்னும் அப்பால தள்ளி அடிங்க! அவன் வளைச்சிக்கினது அதுவரிக்கும் போவுது!"

இளநீர் மூக்கில் ஏறியது.

அப்போதுதான் உறைத்தது. ஜமாபந்திக்காக அதிகாரிகள் ஊர் ஊராக வந்து மனு வாங்குகிற மாதம். வேலாயுதம் பயிர் வைத்திருப்பது ஏரிப் புறம்போக்கில். அதன் நட்டநடுவில் தொப்பியும் டேப்புமாக ஒருத்தன் முளை அடித்தால் ஊர் என்ன நினைக்கும்? பிக்னிக் என்றா நினைக்கும்?

உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்கூலில் என்னை யாரும் நாற்காலி போட்டு உட்காரவைத்து "அய்யா" என்றதில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் அனுபவிப்போமே என்று ஒரு சபலம். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றேன். சர்க்கார் ஆபீசில் என்னிடம் சொல்வார்களே, அதே குரலில்.

அந்த ஐந்து நிமிஷத்தில் கன்னியப்பன் ஆட்கள் இரண்டு முளையைப் பிடுங்கி, அந்தப் பக்கம் தள்ளி அடித்தார்கள். வேலாயுதம் வேறு மூன்றைப் பிடுங்கி இந்தப் பக்கம் தள்ளி அடித்தார். சுத்தி என்னுடையதுதான்.

பிறகு வேலாயுதம் என் காலைப் பிடித்துவிட்டார். "அய்யா, வைகாசி கடைசில பொண்ணுக்குக் கண்ணாலம் வச்சிருக்கேன். இந்த வெள்ளரியெ நம்பித்தான் வாக்குக் குடுத்தேன். இப்ப முளெ அடிச்சீங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இளநீர் விளையாட்டு போதும் என்று எழுந்து கத்தினேன். "அண்ணே, எழுந்திருங்க! நான் அதிகாரி இல்லே! டிராயிங் வாத்தியார்! வரப்போறது என் மச்சான்! சும்மா ஏரிக்கரையில படுத்து எழுந்திருக்க வர்றாங்க!"

பிறகு கன்னியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"மெட்ராஸ்ல அவருக்கு வூடு இல்லீங்களா?"

"இருக்கு. மாடி வீடு."

"உங்களுக்கு?"

"எனக்கும் இருக்கு."

"ரெண்டு வூட்டெ வுட்டுப்புட்டு, பொண்டாட்டி புள்ளெயெ இட்டுக்கினு, பாம்பு மேயற ஏரியில வந்து படுப்பீங்களா?"

"அமெரிக்காவுல..." என்று ஆரம்பித்தேன்.

கன்னியப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பேஜாரு பண்ணாதீங்கடா. அய்யா ரகசியமா வந்திருக்காரு. வெளியில சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போல. கெளம்புங்க, ஜல்தி!"

அவ்வளவுதான். அன்று முதலும் கடைசியுமாக இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நான் சொன்ன உண்மையை ஓர் ஆள்கூட நம்பவில்லை! என்னை பஸ் ஏற்றிவிட முப்பது பேர் வந்தார்கள்.

வீட்டில் "இடம் கிடைச்சுதாங்க?" என்றாள் சரோஜா.

"அமோகமான இடம்" என்றேன். வேறு என்ன சொல்ல? இன்னொரு கடலூருக்கு எனக்குத் தெம்பு இல்லை. வேறு ஏரி பார்க்கவும் நாள் இல்லை. மறுநாளே மச்சான் மெட்ராஸில் ரயில் ஏறுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை. மச்சான், அவர் மனைவி, குழந்தைகள், சரோஜா, கூடாரம், ஸ்டவ், சோற்றுமூட்டை சகிதம் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

கரையில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளம் முழங்கியது!

நான் மச்சானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அதனால் மாலை நேராக அவர் கழுத்தில் விழுந்தது.

"மாப்ளே, என்ன இது!" என்றார்.

"இந்தப் பக்கம் விருந்தாளிக்கு இப்படித்தான் மச்சான்" என்றேன். இவர் சோப்பு ஆர்டர் புஸ்தகத்தை வெளியே எடுத்தால் என் உத்தியோகம் போச்சு!

கூடாரத்தை வேறு பக்கம் அடிக்கலாம் என்று பார்த்தேன். ஊர் விடவில்லை. "அய்யா அடிச்ச முளெயெ மாத்தறதா? கூடாது கூடாது" என்று இரண்டு கட்சியும் சேர்ந்து அங்கேயே கட்டிக் கொடுத்தார்கள். மச்சான் உள்ளே போய் மல்லாந்து படுத்து, புஸ்தகத்தைத் திறந்தார். வாசலில் ஊரே மனுவோடு உட்கார்ந்தது.

ஒரு மணி நேரம் பொறுத்தார். முதலில் வேலாயுதம் அழுதார். பிறகு கன்னியப்பன் கத்தினார். பிறகு இருவரும் ஒரே சமயத்தில். மச்சானுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. தலையை மட்டும் கூடாரத்துக்கு வெளியே நீட்டினார்.

"இந்தாப்பா, கல்யாணம் முடியிறவரைக்கும் அவன் காயைப் பறிச்சிக்கட்டும். அப்புறம் எடத்தை விட்டுடணும். மதகை இனிமே அவன் தொடக்கூடாது. நீயும் அதுவரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாது. போங்க, மனுஷன் தூங்கவேணாமா!"



வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டார். கன்னியப்பன், "அய்யா சொன்னா சரிங்க" என்றார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே கரையேறிப் போனார்கள். வேலாயுதத்தின் குரலில் அழுகை போய்விட்டிருந்தது. எனக்கே கண் கலங்கியது. எத்தனையோ மனு சாதிக்காததை ஒரு சோப்பு ஏஜெண்டின் மத்தியானத் தூக்கம் சாதித்துவிட்டது! இதற்கெல்லாம் மூலகாரணம் அடியேன்தானே? மச்சான் வாயால் இன்று ஒரு பாராட்டு நிச்சயம் என்று காத்திருந்தேன்.

சாயங்காலம் ஒரு கோணி நிறைய வெள்ளரிக்காயோடு பஸ்ஸுக்கு நின்றோம். மச்சான் மாலையைக் கழற்றவில்லை. கூடாரம் நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முளைகளை ஆளுக்கொரு பக்கம் இழுத்து அடித்திருந்தார்களே, அதில் கூடாரம் ஒரு மூலை தூக்கி, ஒரு மூலை தொங்கி, பக்கவாதம் வந்த மாதிரி நின்றிருந்தது.

தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஊர்க்காரங்க ஏற்பாடெல்லாம் பிரமாதம் சரோஜா. பாவம், மாப்பிள்ளைக்குத்தான் டிராயிங் மாஸ்டரா இருந்தும் நாலு முளையை நேரா அடிக்க வரலே."