மூன்றில் ஒரு பங்கு ஓட்டு

மதிப்பிற்குரிய மச்சான் ஹிதாகா சதாவோ அவர்களுக்கு, குரோகி மொரியோ தலைவணங்கி எழுதுவது. ஆரஞ்சு பழுக்கும் இந்தக் குளிரில் உங்கள் வீட்டார் நலம்தானே? உங்கள் தங்கை சிஸுயோ நலம். நான் நலமில்லை. ஊராட்சித் தேர்தலில் தோற்றுவிட்டேன்.

முழுசாகத் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஜெயித்தவர்களில் கடைசி இடத்தைப் பிடித்த மீன்கடை நாஸுவுக்கும் எனக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு! எப்படி என்கிறீர்களா? இந்த ஊரில் கல்லை எறிந்தால் ஒரு குரோகி மேல்தான் விழும். இந்தத் தடவை நின்ற குரோகிகள் இரண்டு பேர்: நானும், கடற்கரைப் பொடியன் தகுமியும். ஓட்டுச்சீட்டில் முழுப் பெயரை எழுதாமல் வெறும் 'குரோகி' என்று சிலர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளையெல்லாம் எங்கள் இருவருக்கும் பங்கு போட்டுவிட்டார்கள்.

"பாதிப் பாதிதானேப்பா?" என்று தேர்தல் அதிகாரியைக் கேட்டேன்.

"இல்லீங்கய்யா. முழுப் பேரோட அவருக்கு விழுந்தது உங்களுக்கு விழுந்ததைப் போல ரெண்டு மடங்கு. அதனால ஒவ்வொரு சீட்டுலயும் ரெண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு உங்களுக்கு. சட்டம் அப்படி."

"ஓட்டு என்ன தர்பூசணியா, கீறிப் பங்கு போட?" என்று கத்தினேன். அந்த ஆள் குனிந்து கும்பிட்டாரே தவிர, ஒரு துண்டுகூடக் கூட்டித் தரவில்லை. சரி, எனக்குப் பதவி ஆசையா? எங்கள் மலைக்குடியிருப்புக்குச் சபையில் பேச நாதியில்லை, பேருந்தை நிறுத்தப்போகிறார்கள். பல் வலித்தால்கூட இனி நடந்துதான் இறங்க வேண்டும். ஜெயித்தால் மறு கண்ணையும் வரைகிறேன் என்று வேண்டிக்கொண்டு ஒரு கண் மட்டும் வரைந்த தருமா பொம்மை அலமாரியிலிருந்து என்னை முறைக்கிறது. வயிறு எரிகிறது மச்சான்! நீங்கள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். அரைகுறையாக எழுதிய அந்த மடையர்களைக் கண்டுபிடித்து நிற்கவைத்துக் கேட்கும்படி காரமாக ஒரு மனு எழுதித் தாருங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
குரோகி மொரியோ

பி.கு.: மனு வேண்டாம். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிஸுயோ டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதுல ஒரு மடச்சி நான்தான். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து உங்க பேரை நான் சொன்னதுண்டா? எழுத மட்டும் கை வருமா? நீங்களும் அஞ்சு நாளா தேர்தல்ல நிக்கிறவங்க மாட்டுற வெள்ளைக் கையுறையை மாட்டிக்கிட்டு, பிரசார வண்டியில 'குரோகி, குரோகி'ன்னுதானே தொண்டை கிழியக் கத்துனீங்க?"

அடுத்த தேர்தலுக்கு நான்கு வருடம் இருக்கிறது. அதற்குள் என் பெயரைச் சொல்லிப் பழகு என்றிருக்கிறேன். இன்று காலை 'மொ' வரை வந்தாள், சிரித்துவிட்டாள்.